காந்த பாக்டீரியா வடக்கைத் தேடுவதில்லை: குளத்துச் சேற்றுக்குள் நடப்பது என்ன?

‘காந்த பாக்டீரியா’ என்ற பெயர் அவ்வப்போது செய்திகளில் தலைகாட்டும். ஒருமுறை புற்றுக்கட்டிக்குள் மருந்து சுமந்து போகும் உயிராக, இன்னொருமுறை செவ்வாயில் உயிர் இருந்ததற்குச் சாட்சியாக, அப்புறம் பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறப்போகின்றன என்று யாராவது பயமுறுத்தும்போது, வழி தெரியாமல் சாகப்போகும் உயிர்களின் பட்டியலில் முதல் ஆளாக. இதையெல்லாம் படித்தவர்கள் மனதில் தங்குவது ஒரே சித்திரம்தான்: உடம்புக்குள் திசைகாட்டி வைத்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருக்கும் ஒரு பாக்டீரியா.

அது பாதிதான் சரி. திசைகாட்டி இருப்பது உண்மை, வடக்கே போக வேண்டும் என்ற ஆசைதான் நாம் ஏற்றிச் சொன்னது. குளம், ஏரி, ஆற்றோரச் சேற்றில் வாழும் நன்னீர் வகைகளை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு இடத்தில் புதுக் குழப்பம் வரும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

யார் கண்ணில் பட்டது

1963இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் சால்வதோரே பெல்லினி என்ற மருத்துவர், ஊருக்குப் பக்கத்து நீர்நிலைகளிலிருந்து எடுத்த தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது சில பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக, வடக்குப் பக்கமாக, நீந்துவதைக் கவனித்தார். காந்தத்தைக் காட்டினால் அதற்கேற்பத் திரும்பின. இவற்றுக்குள் ஏதோ காந்த அமைப்பு இருக்க வேண்டும் என்றுகூட எழுதினார். எழுதியது இத்தாலிய மொழியில், பல்கலைக்கழகத்தின் உள்வெளியீட்டில். யாரும் படிக்கவில்லை. அதன் ஆங்கில வடிவம் அச்சானதே 2009இல்தான்.

1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கடலோரச் சதுப்பு மண்ணில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற ஆராய்ச்சி மாணவர் இதையே மறுபடி கண்டார். வெளிச்சத்தை நோக்கிப் போகின்றனவோ என்றுதான் முதலில் சந்தேகம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், நுண்ணோக்கியையே திருப்பி வைத்தாலும், துளியின் அதே ஓரத்தில் போய்க் குவிந்தன. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் விடை கிடைத்துவிட்டது.

பிளேக்மோர் பார்த்தது கடலோர மண் என்றாலும், தனியாகப் பிரித்து வளர்க்க முடிந்த முதல் வகை நன்னீரிலிருந்துதான் வந்தது: அதே மாநிலத்தின் உட்ஸ் ஹோல் பக்கமுள்ள சீடர் ஸ்வாம்ப் என்ற சதுப்பிலிருந்து எடுத்த சுருள் வடிவ பாக்டீரியா. இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் இன்னொரு வகை, ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரை ஒட்டி ஓடும் ரிக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்தது. ஊரின் பெயரே அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது, மேக்னடோஸ்பிரில்லம் கிரிஃபிஸ்வால்டென்ஸ். வாய்க்குள் நுழையாத பெயர், இனி ‘ரிக் பாக்டீரியா’ என்றே சொல்கிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

மேக்னடைட் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகளில் பெரும்பகுதி அதுதான். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை உறிஞ்சி, அதே மேக்னடைட்டைத் தங்கள் உடம்புக்குள் படிகமாக வளர்க்கின்றன. சவ்வு போர்த்திய ஒவ்வொரு படிகத்துக்கும் மேக்னடோசோம் என்று பெயர். அது உருவாகும் வரிசை ஏறத்தாழ இப்படி:

1. செல்லின் உட்சவ்வு ஓரிடத்தில் உள்நோக்கிக் குழிந்து ஒரு சின்னப் பை ஆகிறது.

2. அந்தப் பைக்குள் இரும்பு கடத்தப்படுகிறது. இதற்கென்றே தனிப் புரதங்கள் உண்டு. உலர் எடையில் 3 சதவீதம் வரை இரும்பு சேரும், சாதாரண பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் இது மலை.

3. பைக்குள் படிகம் வளர்கிறது, குறிப்பிட்ட அளவு வந்ததும் நின்றுவிடுகிறது. பொதுவாக 35 முதல் 120 நானோமீட்டர் வரை.

4. செல்லின் நீளவாக்கில் ஓடும் ஒரு புரத இழையில் இந்தப் பைகள் வரிசையாகக் கட்டப்படுகின்றன. இழைக்கு மாம்-கே என்று பெயர், பையை அதோடு பிணைப்பது மாம்-ஜே என்ற இன்னொரு புரதம்.

மூன்றாவதும் நான்காவதும்தான் கெட்டிக்காரத்தனம் என்பேன். 35 நானோமீட்டருக்குக் கீழே போனால் படிகம் தன் காந்தத் திசையை நிலையாக வைத்துக்கொள்ளாது, அறை வெப்பத்திலேயே அது தடுமாறும். 120ஐத் தாண்டினால் ஒரே படிகத்துக்குள் பல காந்தப் பகுதிகள் உண்டாகி ஒன்றையொன்று அடித்துவிடும். நடுவில் உள்ள அளவுதான் ஒரு படிகம் முழுவதும் ஒரே காந்தமாக இருக்கும் அளவு. பாக்டீரியா அதைத் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

வரிசை ஏன்? காந்தத் துகள்களைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும், அப்போது அவற்றின் காந்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ரிக் பாக்டீரியாவில் மாம்-ஜே புரதத்துக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. படிகங்கள் நன்றாகவே வளர்ந்தன, ஆனால் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன.

இந்த மொத்த வேலைக்கான மரபணுக்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொகுப்பாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் 2014இல் அவற்றை எடுத்து, காந்தத்தோடு சம்பந்தமே இல்லாத, ஒளிச்சேர்க்கை செய்யும் ரோடோஸ்பிரில்லம் என்ற பாக்டீரியாவுக்குள் போட்டு, அதையும் மேக்னடைட் செய்ய வைக்க முடிந்தது.

இவ்வளவு சின்னக் காந்தம் போதுமா?

போதும், ஆனால் பெரிதாக மிச்சம் வைக்காமல் போதும்.

தண்ணீருக்குள் இருக்கும் நுண்ணுயிரை நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். எந்தத் திசையில் நீந்த ஆரம்பித்தாலும் சில நொடிகளில் திசை மாறிப்போகும். பூமியின் காந்தப்புலம் அந்தச் சங்கிலியைப் பிடித்து வைக்கும் ஆற்றல், இப்படி இடித்துத் தள்ளும் வெப்ப ஆற்றலை விட அதிகமாக இருக்க வேண்டும். சீடர் ஸ்வாம்ப் வகையில் ஏறக்குறைய 20 படிகங்கள் கொண்ட சங்கிலி இருக்கும், கணக்குப் போட்டால் காந்தத்தின் பிடி வெப்ப ஆற்றலைப் போல 10 மடங்குக்கு மேல் வருகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்றால், செல் சராசரியாகத் தன் வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் காந்தக் கோட்டின் வழியாகவே செலவழிக்கிறது. படிகத்தை இன்னும் இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கப்போவது சில சதவீதம்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தம் அதை இழுத்துக்கொண்டு போவதில்லை. பூமியின் புலம் செல்லைத் திருப்பும், அவ்வளவே. செத்துப்போன பாக்டீரியாவும் புலத்துக்கு நேராகத் திரும்பி நிற்கும், ஆனால் எங்கேயும் போகாது. நகர்த்துவது கசையிழை, அதாவது வால் மாதிரிச் சுழலும் இழை.

சேறு என்றால் என்ன இடம்?

குளத்தடிச் சேற்றை ஒரே கலவை என்று நினைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. அது அடுக்கு அடுக்கான இடம். மேலே தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும். சேற்றுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கினாலே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், ஏனென்றால் அழுகும் இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் மேலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜனை அங்கேயே காலி செய்துவிடும். அதற்குக் கீழே நைட்ரேட், மாங்கனீசு, கரைந்த இரும்பு, கந்தகச் சேர்மங்கள், மீத்தேன் என்று வரிசையாக வேதியியல் மாறிக்கொண்டே போகும். காலை வைத்தால் மேலே பழுப்பாகவும் கிளறினால் உள்ளே கறுப்பாகவும் இருக்கிறதே, அந்த நிறமாற்றம் இந்த வேதி மாற்றத்தின் அடையாளம்தான்.

ஆக்சிஜன் முடிவதும் ஆக்சிஜன் இல்லாத உலகம் தொடங்குவதுமான அந்த மெல்லிய எல்லையில்தான் இவை வாழ்கின்றன. மேலே போனால் ஆக்சிஜன் ஜாஸ்தி, அது இவற்றுக்கு ஆகாது. கீழே போனால் மூச்சுவிட வழியில்லை. மேக்னடைட் செய்வதற்கும் இந்தக் குறைந்த ஆக்சிஜன்தான் வேண்டும்: ரிக் பாக்டீரியா, ஆக்சிஜன் அழுத்தம் 20 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால்தான் படிகம் செய்யத் தொடங்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது சுமார் 210 மில்லிபார்.

எல்லா நன்னீரிலும் எல்லை சேற்றுக்குள்தான் இருக்கும் என்பதில்லை. பிரான்சின் எரிமலை வாய் ஏரியான பாவின் ஏரியில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதே இல்லை, அதனால் எல்லை சேற்றை விட்டு எழும்பி ஏரித் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது, பாக்டீரியாக்களும் அங்கேயே. அங்குள்ள சில வகைகள் உடம்புக்குள் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பையும் சேர்த்து வைக்கின்றன, அது தனிக் கதை.

வடக்கு எப்படிக் ‘கீழே’ ஆகிறது

பள்ளியில் திசைகாட்டியைத் தட்டையாகப் பிடித்துப் பழகியதால், காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாக ஓடுகிறது என்று நமக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மையில் அது சாய்ந்திருக்கும். இனி வரிசையாகப் போகலாம்.

1. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் இந்தப் பகுதிகளிலும் புலக் கோடுகள் வடக்கு நோக்கியும், அதைவிட அதிகமாகக் கீழ்நோக்கியும் சாய்ந்து தரைக்குள் இறங்குகின்றன. சாய்வு 60 பாகைக்கும் மேல்.

2. ஆகவே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ‘வடக்கே’ நீந்தும் உயிர் உண்மையில் சேற்றுக்குள் இறங்குகிறது. நுண்ணோக்கியின் தட்டையான கண்ணாடியில் வைத்துப் பார்த்ததால்தான் பெல்லினிக்கும் பிளேக்மோருக்கும் அது பக்கவாட்டு ஓட்டமாகத் தெரிந்தது.

3. தென் அரைக்கோளத்தில் புலக் கோடுகள் தரையிலிருந்து மேலே எழும்புகின்றன. அங்கே இதே பாக்டீரியாக்கள் வடக்கே போனால் சேற்றை விட்டு மேலே போய்விடும். 1980இல் நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் சேறு எடுத்துப் பார்த்தார்கள், அங்கிருந்தவை தெற்கே நீந்தின. அதாவது கீழே.

இங்கே வடக்கு என்றால் கீழே, அங்கே தெற்கு என்றால் கீழே. இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது ‘கீழே’ மட்டும்தான். இதற்குப் பிறகும் ‘வடக்கைத் தேடும் பாக்டீரியா’ என்று எழுதுவது பழக்கதோஷம் தவிர வேறில்லை.

புவியீர்ப்பே கீழே இழுக்காதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இவ்வளவு சிறிய செல் தண்ணீரில் மிக மிக மெதுவாகத்தான் அமிழும். எது மேல் எது கீழ் என்று உணர்த்தும் அளவுக்கு அந்த இழுவை போதாது. காந்தம் போதும்.

அப்படியானால் ஓட்டுவது யார்?

ஆக்சிஜன். காந்தக் கோடு தண்டவாளம் என்றால், எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது என்று முடிவெடுக்கும் ஓட்டுநர் ஆக்சிஜன் உணர்வுதான். சாதாரண பாக்டீரியா தனக்குப் பிடித்த ஆக்சிஜன் அளவைத் தேடி முப்பரிமாணத்தில் முட்டிமோதித் திரும்ப வேண்டும். இவை ஒரே கோட்டில் மேலும் கீழும் போனால் போதும். இந்தச் சேர்க்கையைத்தான் 1997 வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபிராங்கலும் அவரோடு வேலை செய்தவர்களும் தெளிவாக விளக்கினார்கள்.

இதில் இரண்டு நடத்தைகள் உண்டு. சில வகைகளுக்குக் காந்தம் வெறும் அச்சு மட்டும், இரு பக்கமும் சமமாகப் போய்வரும், ஆக்சிஜன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத் திரும்பும். சுருள் வடிவ நன்னீர் வகைகளை ஆய்வகத்தில் வளர்த்தால் பெரும்பாலும் இப்படித்தான். வேறு சில, முக்கியமாகச் சேற்றிலிருந்து அப்போதே எடுத்த உருண்டை வடிவ வகைகள், ஒரு சுவிட்சு மாதிரி நடந்துகொள்ளும்: ஆக்சிஜன் அதிகமானால் ஒரே திசையில் ஓட்டம், மிகவும் குறைந்தால் பின்னோக்கி. நுண்ணோக்கிக்கு அடியில் காற்றுப்படும் துளியில் ஆக்சிஜன் எப்போதும் அதிகம். அதனால்தான் அவை ஓரத்தில் போய்க் குவிந்து, அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கின்றன. ‘வடக்கைத் தேடும்’ என்ற கதை பிறந்தது இந்தத் துளியில்தான். கீழே போகத் துடிக்கும் உயிரைத் தட்டைக் கண்ணாடியில் அடைத்து வைத்துவிட்டு, அதற்கு வடக்கு பிடிக்கும் என்று முடிவுகட்டினோம்.

காந்தக் கோட்டில் மேலும் கீழும் போய்வருவதால் என்ன லாபம் என்பதற்கு நல்ல உதாரணம் பவேரியாவின் கீம்சே ஏரி. அங்கே சேற்றில் வாழும் மேக்னடோபாக்டீரியம் பவாரிகம் என்பது 8 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளம், பாக்டீரியாக்களில் நல்ல தடியன். பத்திருபது படிகத்தோடு நிறுத்துவதில்லை, கொக்கி வடிவப் படிகங்கள் ஆயிரம் வரை பல சங்கிலிகளாக இருக்கும். கூடவே கந்தக உருண்டைகளையும் உள்ளே வைத்திருக்கும். கீழே போய்க் கந்தகச் சேர்மத்தை நிரப்பிக்கொண்டு, மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துப் பிழைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த ஏரிச் சேற்றில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கில் உள்ள நுண்ணுயிர்ப் பருமனில் 30 சதவீதம் வரை இந்த ஒரே வகை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் திசையைப் பிடிக்க 20 படிகம் போதுமென்றால் ஆயிரம் எதற்கு? உடல் பெரிது என்பது மட்டும் இதற்குப் பதிலாகாது. திசைகாட்டுவது தவிர இரும்புக்கு வேறு வேலையும் இருக்கலாம் என்று சந்தேகப்பட இது நல்ல காரணம்.

செய்திகளுக்கு வருவோம்

*மருந்து சுமக்கும் பாக்டீரியா.* 2016இல் கனடாவின் மான்ட்ரியலில் சில்வான் மார்ட்டெல் குழு எலிகளில் செய்தது இது. ஒவ்வொரு பாக்டீரியாவின் மேலும் சுமார் 70 மருந்துப் பொட்டலங்களை ஒட்டி, கட்டிக்குப் பக்கத்தில் செலுத்தி, காந்தப்புலத்தால் வழிகாட்டினார்கள். 55 சதவீதம் வரை கட்டியின் ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குள் புகுந்தன. பயன்பட்டது கழிமுகத்து வகை, நன்னீர் வகை அல்ல, மனிதர்களுக்கான மருந்தும் அல்ல. ஆனால் தலைப்புச் செய்திகள் விட்டுவிட்டதைப் பாருங்கள்: கட்டிவரை கொண்டுபோனதுதான் காந்தம், உள்ளே ஆழமாக இழுத்துப்போனது குறைந்த ஆக்சிஜன் மீதான நாட்டம். சேற்றில் நடப்பதேதான்.

*செவ்வாய்க் கல்.* அண்டார்டிகாவில் 1984இல் எடுத்த ஏஎல்எச்84001 என்ற விண்கல்லில் மேக்னடைட் படிகங்கள் இருப்பதையும் உயிர்ச் சான்றுகளில் ஒன்றாக 1996இல் முன்வைத்தார்கள். இரும்புக் கார்பனேட் சூடேறிச் சிதைந்தாலும் அதே மாதிரிப் படிகங்கள் வரும் என்று பின்னர் ஆய்வகத்தில் காட்டினார்கள். படிகம் சங்கிலியாகக் கிடைத்தால் ஒழிய, அளவையும் வடிவத்தையும் மட்டும் வைத்து உயிர் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

*துருவம் புரண்டால்?* கடைசி முழுப் புரட்டல் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அது நடந்து முடியப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது சங்கிலியும் உடைந்து இரு பிள்ளைகளுக்கும் போகிறது, புதுப் படிகங்கள் பழையதைப் பார்த்தே காந்தத் திசையை எடுத்துக்கொள்கின்றன. எப்போதாவது தப்பாகத் திசை வாங்கிக்கொண்ட சில, கூட்டத்தில் இருந்துகொண்டே இருக்கும். சேற்றைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்துப் புலத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தபோது சில வாரங்களில் இந்தச் சிறுபான்மை பெருகி முழுக் கூட்டமும் திசை மாறிவிட்டது. வாரக்கணக்கில் மாறக்கூடியவை, ஆயிரமாண்டு மாற்றத்துக்குச் சாகப்போவதில்லை. புரட்டலின்போது புலம் பலவீனமாவதுதான் தொல்லை. பத்தில் ஒன்றாகக் குறைந்தால், மேலே பார்த்த அந்த 90 சதவீதம் பாதிக்கும் கீழே போய்விடும். கீம்சே தடியனுக்கு ஆயிரம் படிகம் அப்போது கைகொடுக்கலாம்.

விளக்கம் தடுக்கி விழும் இடம்

மேலே சொன்னதெல்லாம் புலம் சாய்ந்திருக்கும் ஊர்களுக்கு. காந்த நடுக்கோட்டில் புலம் முழுக்கக் கிடையாக இருக்கும், அங்கே வடக்கும் கீழே இல்லை, தெற்கும் கீழே இல்லை. அப்படியானால் அங்கே காந்த பாக்டீரியா இருக்கவே கூடாது. 1981இல் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரேசிலின் ஃபோர்டலேசாவில் தேடினார்கள். இருந்தன, வடக்கே போவதும் தெற்கே போவதும் ஏறக்குறையச் சரிபாதி.

திசைத் தேர்வு இல்லாததால் இரண்டும் கலந்திருக்கின்றன என்பது கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. ஆனால் கீழே போக உதவாத காந்தத்தை அவ்வளவு இரும்பு செலவழித்து ஏன் சுமக்க வேண்டும்? கிடையாக நீந்தினால் தவறுதலாக மேலே ஆக்சிஜனுக்குள் போய் மாட்டுவதாவது குறையும் என்று அப்போது ஒரு சமாதானம் சொன்னார்கள். கொஞ்சம் இழுத்துக் கட்டிய சமாதானம்தான். போதாக்குறைக்கு, 2006இல் உட்ஸ் ஹோல் பக்கத்து உப்புநீர்க் குட்டையிலேயே தெற்கே நீந்தும் கூட்டம் ஒன்று கிடைத்தது, வட அரைக்கோளத்தில் இருக்கவே கூடாத கூட்டம் அது. ஆக, தண்டவாளம் என்ற விளக்கம் நிற்கிறது, ‘எப்போதும் கீழே’ என்ற விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது.

இந்தக் கேள்வி நமக்கு ரொம்பப் பக்கம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. பெல்லினி எழுதிய அதே 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம்.

தாமிரபரணிக் கரைக் குளம் ஒன்றில் இதைச் சோதித்துப் பார்க்க ஆசையிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு வேண்டியது அதிகமில்லை. மேல்சேறும் தண்ணீருமாகக் கண்ணாடி ஜாடியில் எடுத்து, மூடியை இறுக்காமல், வெயில் படாத இடத்தில் சில வாரம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு சேறும் தண்ணீரும் சேரும் மட்டத்துக்குச் சற்று மேலே, வெளிப்பக்கமாக, ஒரு பக்கம் காந்தத்தின் வட முனையும் எதிர்ப்பக்கம் இன்னொரு காந்தத்தின் தென் முனையும் இருக்கும்படி ஒட்டி, ஓரிரு மணி நேரம் விட வேண்டும். இரண்டு முனைகளுக்கும் அருகிலிருந்து தனித்தனியாகப் பிப்பெட்டில் எடுத்து, துளியைக் கவர் ஸ்லிப்பில் தொங்கவிட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம். காந்தத்தைத் திருப்பும்போது ஓரத்தில் குவிந்தவை மொத்தமாகத் திரும்பி எதிர் ஓரத்துக்கு ஓடினால் அவைதான். சும்மா அலைவதும், கூடவே திரும்பாததும் வேறு உயிர்கள்.

அப்புறம் இரண்டு பக்கமும் எத்தனை என்று எண்ண வேண்டும். ஐரோப்பியச் சேற்றில் தென் முனைப் பக்கம்தான் கூட்டம் குவியும். நெல்லையில் சரிபாதி வந்தால் ஃபோர்டலேசா முடிவு உறுதிப்படும். ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தால், புலத்தின் சாய்வைத் தவிர வேறு ஏதோ ஒன்று இவற்றின் திசையைத் தீர்மானிக்கிறது என்று ஆகும், அப்போது மேலே வரிசையிட்ட மூன்று படிகளில் மூன்றாவதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.